பாக்கெட் ஹோல் ஜிக்கா, டோவலா, உளியா, வெறும் ஸ்க்ரூவா: முதல்ல எதுல காசு போடணும்?

கோயம்புத்தூர்ல வாடகை வீடு, கையில ஒரு டிரில் மெஷினும் ஜிக்ஸாவும் இருக்கு, பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வெச்சிருக்கேன், முதல்ல ஒரு புக் ஷெல்ஃப், அப்புறம் ஒரு டீப்பாய், முடிஞ்சா ஒரு கட்டில், இதுக்கு பாக்கெட் ஹோல் ஜிக் வாங்கட்டுமா, டோவல் ஜிக் வாங்கட்டுமா, பிஸ்கட் ஜாயினரா, இல்ல உளி வாங்கி மூட்டு அடிக்கவே கத்துக்கட்டுமா, ஸ்க்ரூவும் ஃபெவிகாலும் மட்டும் போதாதான்னு கேட்டிருந்தீங்க. நான் பதினஞ்சு வருஷமா லீவு நாள்ல இந்த வேலை பார்க்கிறவன், நீங்க சொன்ன எல்லாத்தையும் ஒரு தடவையாவது காசு போட்டு வாங்கிப் பார்த்துட்டேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல நேரடியா சொல்லிடுறேன். முதல் காசு கிளாம்புக்கு, அதாவது பசை காயுற வரைக்கும் கட்டைகளை இறுக்கிப் பிடிக்கிற கருவிக்கு. அடுத்தது 8 மிமீ டோவல் ஜிக்; டோவல்னா ரெண்டு பலகையிலயும் எதிரெதிரா ஓட்டை போட்டு பசையோட நடுவுல இறக்குற உருளைக் குச்சி, ஜிக்னா ஓட்டை சரியான இடத்துல விழ டிரில்லுக்கு வழிகாட்டுற சாதனம். ரெண்டு உளி. கட்டிலுக்கு போல்ட். சாய்வா ஓட்டை போட்டு ஸ்க்ரூ ஏத்துறதுக்கான பாக்கெட் ஹோல் ஜிக் இப்போதைக்கு வேண்டாம், மரச் சில்லு வெச்சு ஒட்டுறதுக்குக் காடி, அதாவது பள்ளம், எடுக்குற பிஸ்கட் ஜாயினர் உங்க லிஸ்ட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

ஏன்னா கடையில போய் கருவியைப் பார்த்து முடிவு பண்ணினா எல்லாமே நல்லாத்தான் தெரியும், நீங்க பார்க்க வேண்டியது செய்யப்போற சாமானை. அது மேல பாரம் எப்படி விழுது, அந்த மூட்டை எந்தப் பக்கமா பிரிக்கப் பார்க்குது, செய்யுறது ப்ளைலயா கட்டை மரத்துலயா, பின்னாடி கழட்ட வேண்டி வருமா. இந்த விஷயம் தெரிஞ்சா என்ன கருவின்னு முக்கால்வாசி தானா முடிவாயிடும்.

நான் முதன்முதல்ல செஞ்சது வாசல்ல உட்கார்ந்து ஷூ மாட்டுறதுக்கு ஒரு பெஞ்சு. பேக்கிங் பெட்டி பிரிச்ச பைன் கட்டை, ஹார்டுவேர் கடையில கிடைச்ச கறுப்பு ஸ்க்ரூ, ஒரு மூலைக்கு நாலுன்னு தாராளமா போட்டேன், பசை போடல. முதல் மாசம் பாறை மாதிரி நின்னுச்சு. ஆறு மாசத்துல ஆட ஆரம்பிச்சு, டைட் பண்ணலாம்னு திருப்புளியை வெச்சா ரெண்டு ஸ்க்ரூவோட தலை மட்டும் தனியா கையில வந்துது, மத்தது கட்டைக்குள்ள சும்மா சுத்துது. ரெண்டு தப்பு அதுல. அந்தக் கறுப்பு ஸ்க்ரூ ஜிப்சம் போர்டு மாட்டுறதுக்குன்னு வந்தது, கெட்டி ஏத்துன இரும்பு, லேசான ஷீட்டை இழுத்துப் பிடிக்கும், ஆனா பக்கவாட்டுல தள்ளினா வளையாது, பட்டுன்னு ஒடையும். நம்ம ஊர்ல பாதி இன்டீரியர் வேலை இதை வெச்சுத்தான் நடக்குது, அங்க ஃபெவிகாலும் ப்ளையும் சேர்ந்து பாரத்தை வாங்கிக்கிறதால தப்பிச்சுக்குது, என் பெஞ்சுல அது ஒண்ணுதான் பிடிமானம். ரெண்டாவது தப்பு, ஸ்க்ரூவை கட்டையோட வெட்டுமுனைக்குள்ள ஏத்தினது. மரத்தோட நார் நீளவாக்குல ஓடுது இல்லையா, முனையில ஸ்க்ரூ போட்டா மரை ஒவ்வொரு நாரையும் துண்டு துண்டா அறுத்துட்டுத்தான் உள்ள போகும், பிடிக்கிறதுக்கு நார் மிச்சமே இருக்காது. அதே ஸ்க்ரூவை நாருக்குக் குறுக்கா போட்டுப் பாருங்க, பிடி அவ்வளவு வித்தியாசமா இருக்கும்.

இப்ப பாரம் பிரிக்கிற கதை. ஒரு நாற்காலியை எடுத்துக்கோங்க, சீட்டுக்குக் கீழ ஓடுற சட்டம் 6 செமீ உயரம்னு வெச்சுக்கலாம். ஒருத்தர் சாஞ்சு உட்காரும்போது அந்த மூட்டுக்கு 45 செமீ மேல முதுகால 20 கிலோ அழுத்துறார்னு வெச்சா, கடப்பாரை போட்டு நெம்புற கணக்குதான், 20ஐ 45ஆல பெருக்கி 6ஆல வகுத்தா 150 கிலோ. இடம் வலம் ரெண்டு பக்கமும் பிரிச்சுக்கிட்டாக்கூட ஒரு மூட்டுக்கு 75 கிலோ, ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் எழும்போதும். இது தோராயக் கணக்குதான், ஆனா நாற்காலி ஏன் மர வேலையிலயே கஷ்டமான சாமான்னு இதுல புரிஞ்சிடும். ஸ்க்ரூ தொடுற இடம் ரொம்பச் சின்னது, அந்தச் சின்ன இடத்துல மரம் கொஞ்சம் கொஞ்சமா நசுங்கி ஓட்டை பெருசாகி ஆட ஆரம்பிக்கும். கழுந்து வெச்ச மூட்டுல, அதாவது ஒரு கட்டையோட முனையை நாக்கு மாதிரி சீவி இன்னொரு கட்டையோட துளைக்குள்ள இறக்குற மூட்டுல, அதே பாரம் உள்ளங்கை அகலத்துக்குப் பசை ஒட்டின பரப்பு முழுக்கப் பரவிடும். இதுக்கு நேர் எதிர் புக் ஷெல்ஃப். அதுல பாரம் நேரா கீழ்நோக்கி இறங்குது, யாரும் நெம்புறதில்ல, அதனால அதுக்கு நாற்காலி மூட்டு தேவையே இல்ல.

எங்க ஊர்ல, சிவகங்கைப் பக்கம், ஒரு ஆசாரி அண்ணன் வீட்டு நிலை கட்டுறதை சின்ன வயசுல திண்ணையில உட்கார்ந்து பார்த்திருக்கேன். கிளாம்ப்னு ஒரு பொருளே அவர்கிட்ட கிடையாது. துளையில கழுந்தை இறக்கி, வெளிய இருந்து பர்மா போட்டு துளைக் கட்டையில மட்டும் ஓட்டை போடுவார், அப்புறம் கழுந்தை உருவி அந்த ஓட்டை விழுந்த அடையாளத்துக்கு துளியூண்டு உள்பக்கமா, அதாவது கழுந்தோட தோள் (கழுந்து ஆரம்பிக்கிற படி) பக்கமா தள்ளி கழுந்துல ஓட்டை போடுவார். திரும்பச் சேர்த்து, கூர் சீவின மூங்கில் முளையை கொட்டாப்புளியால அடிச்சா ரெண்டு ஓட்டையும் ஒண்ணுக்கொண்ணு நேரா வரணும்னு இழுத்துக்கிட்டு தோள் போய் 'டக்'குனு உட்காரும். அப்பல்லாம் ஏதோ கை வித்தைன்னு நினைச்சேன். பிற்பாடு நானே செய்யும்போதுதான் புரிஞ்சது, அந்த முளையே கிளாம்ப், அதுவே ஆணி, பசை காய்ஞ்சு விட்டுப்போனாலும் இறுக்கம் போகாது. கிளாம்ப் வாங்க வசதியில்லாதவங்களுக்கு இன்னிக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல. 1 மிமீ, மிஞ்சிப்போனா ஒன்றரை மிமீ தள்ளினா போதும், அதுக்கு மேல தள்ளினா முளை ஒடையும் இல்ல கழுந்து நுனி பிளந்துக்கும்.

சரி, உங்க ஷெல்ஃபுக்கு வருவோம். இது ப்ளைலதான் செய்வீங்கன்னு நினைக்கிறேன், 18 மிமீ. ஜிக்ஸாவுல எட்டடி நேரா வெட்ட முயற்சி பண்ணாதீங்க, நிறைய ப்ளை கடையில அளவு கொடுத்தா பேனல் ஸாவுல வெட்டிக் கொடுக்குறாங்க, அந்தக் காசு நல்ல காசு. வெட்டு நேரா, மூலைமட்டத்துக்கு உட்கார்ந்தா எந்த மூட்டும் நிக்கும், வெட்டு கோணலா இருந்தா எந்த ஜிக்கும் காப்பாத்தாது. ரெண்டு பக்கப் பலகை, நடுவுல தட்டு, வெளிய இருந்து ஸ்க்ரூ போட்டு ஃபெவிகால் தடவினா தாராளமா போதும். ஆனா ப்ளையோட ஓரத்துல ஸ்க்ரூ ஏத்தும்போது ஓட்டை போடாம ஏத்தினா அடுக்கு அடுக்கா பிரிஞ்சு ஊதிக்கும். 8 நம்பர் ஸ்க்ரூவுக்கு, அதாவது நாலு மிமீயும் சொச்சமும் இருக்குற ஸ்க்ரூவுக்கு, வெளிப்பலகையில ஸ்க்ரூ தடையில்லாம நுழையுற அளவுக்கு நாலரை மிமீ ஓட்டை, உள்பலகை ஓரத்துல 3 மிமீ ஓட்டை. ரெண்டு ஓட்டையும் ஒரே அளவுல போட்டா மரை ரெண்டு பலகையிலயும் பிடிச்சுக்கிட்டு நடுவுல இடைவெளி விட்டுடும், எவ்வளவு இறுக்கினாலும் அந்தச் சந்து மூடாது. நிறையப் பேர் இதுலதான் மாட்டுறாங்க, மாட்டிட்டு ஸ்க்ரூ சரியில்லைங்கிறாங்க. நீளம் 18 மிமீ பலகைக்கு 50 மிமீ.

இன்னொண்ணு, ஷெல்ஃப் ஆடாம நிக்கிறதுக்குக் காரணம் மூட்டு இல்ல, முதுகுப் பலகை. ஆறு மிமீ ப்ளையை பின்பக்கம் முழுசா வெச்சு, மூலைவிட்டம் ரெண்டும் ஒரே அளவா இருக்கான்னு டேப் பிடிச்சுப் பார்த்துட்டு, சுத்தி ஸ்க்ரூவோ ஆணியோ அடிங்க. அது இல்லாத ஷெல்ஃப் எவ்வளவு விலை உயர்ந்த மூட்டு போட்டாலும் ஒரு பக்கமா சாயப் பார்க்கும். முதுகுப் பலகைக்குக் காசு மிச்சம் பிடிச்சு ஜிக்ல காசு போடுறது எனக்கு ஒப்பவே ஒப்பாது.

ஸ்க்ரூ தலை வெளிய தெரியக்கூடாதுன்னா அங்கதான் டோவல் வருது. 18 மிமீ பலகைக்கு 8 மிமீ டோவல், பொதுவா பலகை கனத்துல மூணுல ஒரு பங்குல இருந்து பாதிக்குள்ள இருக்கணும். 30 மிமீ நீள டோவல்னா பக்கப் பலகையில 12 ஆழம், தட்டோட ஓரத்துல 20 ஆழம், ரெண்டும் சேர்த்து 32, அந்த 2 மிமீ பசை தேங்குறதுக்கு இடம். ஆழத்துக்கு பிட்டுல டேப் சுத்திக்கோங்க. கோடு போட்ட டோவலா வாங்குங்க, வழுவழுன்னு இருந்தா பசை வெளியேற வழியில்லாம அமுக்கிக்கிட்டு பலகையையே பிளந்துடும். மரத்துக்குன்னு நடுவுல முள் வெச்ச பிட் கிடைக்கும், அதைத்தான் போடணும், சுவர் ஓட்டை போடுற பிட்டைப் போட்டா ஆரம்பிக்கும்போதே வழுக்கி அரை மிமீ தள்ளிப் போயிடும், டோவல்ல அரை மிமீ தப்புன்னா மூட்டு சேராது. ஜிக் வாங்கும்போது தானா நடுவைப் பிடிக்கிற வகையா, உள்ள இரும்புக் குழாய் பதிச்சதா பாருங்க. பிளாஸ்டிக் குழாய் இருபது முப்பது ஓட்டையில தேஞ்சு பெருசாயிடும்.

டீப்பாய் கட்டை மரத்துல செய்யப்போறீங்கன்னா விஷயம் மாறுது. காலும் சட்டமும் சேருற இடத்துல ஆள் உட்காருவாங்க, குழந்தைங்க தள்ளுவாங்க, இழுப்பாங்க. ஒரு மூட்டுக்கு ரெண்டு டோவல், சட்டம் உயரமா இருந்தா மூணு, நல்லா தாங்கும். உளியில துளையும் கழுந்தும் எடுக்க முடிஞ்சா அதைவிட நல்லா தாங்கும், அதுல சந்தேகமே வேண்டாம், கட்டை கனத்துல மூணுல ஒரு பங்கு துளை அகலம், அதே அளவு உளி, அவ்வளவுதான் கணக்கு. ஆனா முதல் நாலஞ்சு மூட்டு வீணாப் போகும்னு தெரிஞ்சே ஆரம்பிக்கணும், துண்டுக் கட்டையில பழகிட்டு டீப்பாய்க்கு வாங்க. உளி வாங்கினா சாணை பிடிக்கக் கத்துக்கிட்டே ஆகணும், கடையில வாங்கின உளி கூரா இருக்காது. 1000 கிரிட் கல்லு ஒண்ணு, இல்லன்னா கண்ணாடித் துண்டு மேல வாட்டர் பேப்பர் ஒட்டி 25லிருந்து 30 டிகிரி சாய்வுல தேய்ங்க. கை முடியை வழிக்கிற கூர் வந்த உளியை வெச்சு வேலை செஞ்சு பார்த்தாத்தான் இது என்ன சுகம்னு தெரியும். மொட்டை உளிதான் விரலையும் வெட்டும், ஏன்னா அழுத்தி அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும், வழுக்கினா நிறுத்த முடியாது.

டீப்பாய் மேல்பலகையைப் பத்தி ஒண்ணு சொல்லாம விட முடியாது. கட்டை மரம் மழைக்காலத்துல அகலவாக்குல விரியும், வெயில் காலத்துல சுருங்கும், நீளவாக்குல கிட்டத்தட்ட அசையாது. 60 செமீ அகலப் பலகை, தேக்கா இருந்தாலே வருஷத்துல மூணு நாலு மிமீ விரிஞ்சு சுருங்கலாம், தேக்கு இதுல சாது, நிறைய மரம் இன்னும் அதிகம் ஆடும். இந்தப் பலகையை நாலு பக்கமும் பசை போட்டோ பாக்கெட் ஸ்க்ரூ போட்டோ சட்டத்தோட இறுக்கிட்டீங்கன்னா மரம் எங்கேயாவது விரிஞ்சுதானே ஆகணும், நடுவுல வெடிக்கும், இல்ல சட்டத்தை விரிச்சு மூட்டைப் பிரிக்கும். சட்டத்துல நீள்வட்டமா ஓட்டை போட்டு வாஷரோட ஸ்க்ரூ மாட்டுங்க, பலகை நகரும்போது ஸ்க்ரூவும் கூடவே நகரட்டும். இங்க ஸ்க்ரூதான் சரி, பசை தப்பு. ஸ்க்ரூ மட்டம் மூட்டு உசத்தின்னு பேசுறவங்க இந்த இடத்துக்கு என்ன பதில் வெச்சிருக்காங்கன்னு கேளுங்க. ப்ளைக்கு இந்தப் பிரச்சனை இல்ல, அடுக்கு குறுக்கும் நெடுக்குமா ஒட்டியிருக்கிறதால ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும்.

கட்டில் வாடகை வீட்டுக்கு. பசை போட்டு ஒரே சாமானா செஞ்சீங்கன்னா அடுத்த வீடு மாத்தும்போது படிக்கட்டுல திரும்பாது. நீளச் சட்டம் ரெண்டும் கழட்டுற மாதிரிதான் இருக்கணும். சட்டத்துக்குள்ள குறுக்கா உருளை நட்டு இறக்கி, கால் பக்கத்துல இருந்து எட்டு மிமீ போல்ட் விட்டு முடுக்குற முறை நல்லது, கூடவே ஒரு சின்ன டோவலைப் பசை போடாம வெச்சா சட்டம் திருகிக்காது. தலைமாட்டுப் பலகை, கால்மாட்டு சட்டம் இதெல்லாம் கழட்ட வேண்டியதில்ல, அங்க கழுந்து இல்ல டோவல், பசை. போல்ட் ஓட்டை நேரா போறதுக்கு ரெண்டு கட்டையையும் கிளாம்ப் போட்டு ஒண்ணா வெச்சு ஒரே தடவையா துளைங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்பேனர் வெச்சு ஒரு சுத்து முடுக்கினா கிரீச் சத்தம் வராது.

பாக்கெட் ஹோல் ஜிக்கை ஏன் இப்ப வேண்டாம்னேன்னு சொல்றேன், ஏன்னா அது மட்டமான பொருள் இல்ல. 1980கள்ல அமெரிக்காவுல அயோவா மாகாணத்துல கிரெய்க் சோமர்ஃபெல்டுன்னு ஒருத்தர் தன் வீட்டு கிச்சன் அலமாரிக்கு முகப்புச் சட்டம் சேர்க்கணும்னு ஒரு ஜிக் செஞ்சார், அதுதான் இன்னிக்கு கிரெக்னு விக்கிறது. 15 டிகிரி சாய்வுல ஓட்டை போட்டு தட்டைத் தலை ஸ்க்ரூவை சாய்வா ஏத்துறது. சாய்வா போறதால எதிர்க் கட்டையில வெட்டுமுனையைத் தவிர்த்து நாருக்குக் குறுக்கா போய் பிடிக்குது, என் பெஞ்சுல நான் பண்ணின ரெண்டாவது தப்பு இதுல வராது. பசை காயுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், முடுக்கின உடனே அடுத்த வேலைக்குப் போயிடலாம். ஆக அலமாரி முகப்பு, வொர்க் பெஞ்ச், மறைவா இருக்குற சட்டம், இதுக்கெல்லாம் அருமை. ஆனா அந்த ஸ்க்ரூவும் தனிதான், 18 மிமீ பலகைக்கு 32 மிமீ நீளம், ப்ளைக்கும் பைனுக்கும் பெரிய மரை, தேக்கு வாகை மாதிரி கெட்டி மரத்துக்கு நெருக்க மரை, சாதாரண கூம்புத் தலை ஸ்க்ரூவைப் போட்டா ஆப்பு அடிச்ச மாதிரி பலகையைப் பிளந்துடும். தொடர்ந்து அந்த ஸ்க்ரூ கிடைக்குமான்னு விசாரிச்சுட்டு ஜிக் வாங்குங்க. உங்க மூணு சாமான்ல ஷெல்ஃபுக்கு அது இல்லாமலே ஆகும், டீப்பாய்க்கு டோவல் மேல், கட்டிலுக்கு போல்ட். அதனாலதான்.

பிஸ்கட் ஜாயினர் 1950கள்ல சுவிட்சர்லாந்துல ஹெர்மன் ஸ்டெய்னர் கண்டுபிடிச்சது, லாமெல்லோ கம்பெனி அவரோடது. அமுக்கின பீச் மரத்துல செஞ்ச சின்ன ஓவல் சில்லு, பசையில இருக்குற தண்ணியைக் குடிச்சு ஊதி காடிக்குள்ள இறுகிக்கும். அகலப் பலகை ஒட்டும்போது மட்டம் சேர்க்க ரொம்ப உதவும், பலம்னு பார்த்தா பெருசா சேர்க்காது. அதையே நாலு டோவல் செஞ்சிடும். ஃபெஸ்டூல் டொமினோன்னு ஒண்ணு இருக்கு, தனிக் கழுந்துக்குத் துளை எடுத்துக் கொடுக்குற மெஷின், அற்புதமான பொருள், ஹாபிக்காரன் பட்ஜெட்டுல வராது. அதே வேலையை ஒரு டிரிம் ரூட்டரும் (வேகமா சுத்துற பிட்டால மரத்தைக் குடையுற சின்ன மெஷின்) 6 மிமீ பிட்டும் வெச்சு ப்ளைத் துண்டுல ஒரு ஜிக் செஞ்சு பண்ணலாம், ரெண்டு கட்டையிலயும் துளை எடுத்துட்டு நடுவுல தனியா சீவின கழுந்தை இறக்குறது. அடுத்த வருஷம் காசு சேரும்போது ரூட்டரைப் பத்தி யோசிங்க, ஆனா அபார்ட்மென்ட்ல அந்தச் சத்தத்துக்கு பக்கத்து வீட்டுல முன்கூட்டியே சொல்லி வெச்சிடணும்.

ஒருவேளை ப்ளைக்குப் பதிலா பார்ட்டிக்கிள் போர்டுல செய்யுறதா இருந்தா மேல சொன்ன ஸ்க்ரூ கணக்கு எதுவும் செல்லாது. அது மரத்தூளும் பசையும், சாதா ஸ்க்ரூ ஒரு தடவை கழட்டினா அந்த ஓட்டை போச்சு. அதுக்குன்னே கன்ஃபர்மேட் ஸ்க்ரூ, 7க்கு 50 மிமீ, 5 மிமீ ஓட்டைக்குத் தடிமனான மரையோட வரும், இல்லன்னா ரெடிமேட் அலமாரியில பார்த்திருப்பீங்களே, 15 மிமீ குழிக்குள்ள வட்டமா ஒண்ணைத் திருப்பினா இறுகுமே, மினிஃபிக்ஸ். குழி எடுக்குற அளவு கொஞ்சம் தவறினாலும் அது இறுகாது, கையில முதல் வேலைக்கு கன்ஃபர்மேட்டே சுலபம்.

பசை விஷயத்துல ஒரே ஒரு பேச்சு. ஃபெவிகால் எஸ்.எச். இடைவெளியை நிரப்பாது, ரெண்டு மரமும் நெருக்கமா அமுங்கினாத்தான் அதுக்கு பலம். மரத்தூளைக் குழைச்சு சந்துல அடைச்சா பார்க்க மூடியிருக்கும், தாங்காது. ராத்திரி முழுக்க கிளாம்ப்ல இருக்கட்டும், ஒரு நாள் கழிச்சு பாரம் ஏத்துங்க. ஈரம் படுற இடம்னா ஃபெவிகால் மரைன் வாங்குங்க. ஆசாரிங்க ஆணியை அடிச்சுட்டு அடுத்த வேலைக்குப் போறது பலத்துக்காக இல்ல, ஃபெவிகால் காயுற வரைக்கும் பிடிச்சு வெச்சுக்கத்தான், ஆணிதான் அவங்க கிளாம்ப். இதனாலதான் உங்களுக்கு முதல்ல கிளாம்ப்னு சொன்னேன்.

வாங்குற வரிசை: ரெண்டடி எஃப் கிளாம்ப் நாலு, நல்ல மூலைமட்டம் ஒண்ணு, மரத்துக்கான பிட் 3, நாலரை, 8 மிமீ, தலை பதிக்கிற பிட், டோவல் ஜிக், டோவல் ஒரு பாக்கெட், 6 மிமீயும் 18 மிமீயும் உளி, சாணைக்கல், துருப்பிடிக்காத எஸ்.எஸ். ஸ்க்ரூ 8 நம்பர்ல 35ம் 50ம் ஒவ்வொரு பாக்கெட். பத்தாயிரத்துக்குள்ள அடங்கணும், அடங்கலைன்னா உளியைத் தள்ளிப்போடுங்க, கிளாம்பைக் குறைக்காதீங்க.

கட்டிலுக்கு என்ன மரம், சட்டம் எத்தனை மிமீ கனம், கால் எத்தனை மிமீ கனம்னு முடிவு பண்ணிட்டு எழுதுங்க, போல்ட் எத்தனை நீளம், உருளை நட்டு ஓட்டையை முனையில இருந்து எவ்வளவு தள்ளிப் போடணும்னு கணக்கு போட்டுச் சொல்றேன்.